ஆப்பில் பழகியவரைப் பற்றி வீட்டில் சொல்வது எப்படி? கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

டேட்டிங் ஆப்பில் ஒருவரைப் பார்த்து, பேசி, பழகி, இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் நிஜமான பயம் பிடிக்கிறது. வீட்டில் எப்படிச் சொல்வது? சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் இருக்கிற பிள்ளையானாலும் சரி, திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிற பிள்ளையானாலும் சரி, சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்கிறது. அம்மா தோசை ஊற்றிக்கொண்டே அந்த போனை ஒரு பார்வை பார்ப்பார். ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை.

கல்யாணம் வரை போகிற பழக்கத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். சும்மா பேசிப் பழகுகிறவர்களைக் குறை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் பாதுகாப்பு பற்றிச் சொல்லியிருப்பதை அவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

வீடு எங்கே நிற்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் அப்பா அம்மா நீங்கள் நினைக்கிற அளவுக்கு இணையத்துக்கு விரோதிகள் கிடையாது. பாரத்மேட்ரிமோனி போன்ற தளங்கள் வந்த புதிதில் "நெட்டுலயா பொண்ணு பாக்கறீங்க?" என்று முகம் சுளித்த அதே சொந்தக்காரர்கள்தான் இன்றைக்கு மகனுக்குப் பணம் கட்டி மெம்பர்ஷிப் எடுத்து, ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டோ போட்டோவாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். தரகர் வீட்டுக்கு வந்து ஜாதகக் கட்டைப் பிரிக்கிற காலம் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் அவரும் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஜாதகம் அனுப்புகிறார்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான காரணமும் இருக்கிறது. நம் பக்கத்தில், அதுவும் தோட்டம் காடு என்று இருக்கிற வீடுகளில், முப்பது வயசு தாண்டியும் பெண் கிடைக்காத பையன்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கேட்கிறார்கள். பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு தலைமுறை நினைத்ததன் விளைவு இது. பெற்றவர்கள் வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடுவதற்கான தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைக்குப் பெண்கள் படித்து, சம்பாதித்து, எனக்கு யார் வேண்டும் என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். பையன் வீடுகள் இறங்கி வந்திருக்கின்றன. நியாயமான மாற்றம்தான்.

அப்படியிருந்தும் டேட்டிங் ஆப் என்றால் ஏன் பதறுகிறார்கள்? மேட்ரிமோனியில் போன் அவர்கள் கையில் இருக்கிறது, இதில் உங்கள் கையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், விசாரிப்பு. நம் ஊரில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் அந்த ஊர் டீக்கடையில் கேட்பார்கள், பால் சொசைட்டியில் கேட்பார்கள், அந்த ஊருக்குப் பெண் கொடுத்தவர் யாராவது இருந்தால் போன் போட்டுக் கேட்பார்கள். குடிப்பானா, கடன் இருக்கிறதா, மாமியார் எப்படி, எல்லாம் அதில் வந்துவிடும். ஆப்பில் வந்தவருக்கு அப்படி ஒரு ஊரே இல்லாதது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. பிள்ளை ஏமாந்துவிடுமோ என்ற பயம்தான் கோபமாக வெளியே வருகிறது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை அந்த விசாரிப்புக்கு வழி பண்ணிக் கொடுப்பது. அதற்கு முன்னால் நீங்களே விசாரித்திருக்க வேண்டும்.

ஆப்பில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

கோயம்புத்தூர் மாதிரி ஊரில் தூரத்தைப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் புது முகங்கள் வரும். பொள்ளாச்சியிலோ கோபியிலோ இருந்துகொண்டு அப்படி வைத்தால் கூடப் படித்தவன், அத்தை பையனின் நண்பன், அப்பாவுக்குத் தெரிந்த உரக்கடைக்காரர் மகன் என்று வரிசையாக வருவார்கள். தூரத்தைக் கூட்டி வையுங்கள். டிண்டரில் போனில் இருக்கிற நம்பர்களைத் தடுத்து வைக்கிற வசதி இருக்கிறது, அதைக் கணக்கு தொடங்கின அன்றைக்கே செய்துவிடுங்கள். நீங்கள் சொல்வதற்கு முன்னால் உங்கள் புரொஃபைலின் ஸ்கிரீன்ஷாட் குடும்ப குரூப்புக்கு வந்துவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

போட்டோவில் வண்டி நம்பர், கம்பெனி ஐடி கார்டு, வீட்டு வாசல் தெரிய வேண்டாம். போட்டோவைச் சரிபார்த்ததற்கான டிக் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அந்த டிக் முகத்தை மட்டும்தான் சரிபார்க்கிறது. கல்யாணம் ஆனவரா என்று அது சொல்லாது.

ஒரு வாரத்துக்குள் வீடியோ கால் பேசிவிடுங்கள். கேமரா ரிப்பேர், நெட் இல்லை என்று திரும்பத் திரும்பத் தட்டிக்கழிக்கிறவரை விட்டுவிடலாம். பேச ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வெளிநாட்டிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறேன், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்றோ, இந்த ட்ரேடிங் ஆப்பில் பணம் போடு, நான் சொல்லித் தருகிறேன் என்றோ பேச்சு திரும்பினால் அது மோசடிதான். வேறு விளக்கமே வேண்டாம். ராத்திரி வீடியோ காலில் உடையைக் கழற்றச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு மிரட்டுகிற கும்பல்களும் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், அனுப்பினால் இன்னும் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930க்குக் கூப்பிடுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு அதை நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைத்ததால்தான் நம் பிள்ளைகள் பலர் வாழ்க்கையே போன மாதிரி உடைந்துபோகிறார்கள். அப்படி எதுவும் போகவில்லை. குற்றம் செய்தவன் எதிர்ப்பக்கம் இருக்கிறான்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பழகுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. தனி இடத்துக்கு வரச்சொல்லி போனையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு "வீட்டுல சொல்லிருவேன்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு வயசு வந்தவர்கள் விருப்பத்தோடு பழகுவது குற்றமே இல்லை, மிரட்டுவதுதான் குற்றம். தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில். கோயம்புத்தூர் என்றால் ரேஸ் கோர்ஸ் நடைபாதை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அன்னபூர்ணா, புரூக்ஃபீல்ட்ஸ் மால், இப்படி ஏதாவது. உங்கள் வண்டியில் போய் உங்கள் வண்டியில் வாருங்கள். முதல் தடவையே வால்பாறைக்கோ கொடிவேரிக்கோ கார்ல போலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். நல்ல ஆளாக இருந்தால் சரி என்று விட்டுவிடுவார், அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். யாரோடு, எங்கே போகிறீர்கள் என்று ஒரு நண்பருக்காவது லொக்கேஷன் அனுப்பிவிட்டுப் போங்கள்.

மனசு உறுதியாகும் முன்னால் பேச வேண்டியவை

ஓரிரண்டு மாசம் பழகிய பிறகும் "பாக்கலாம், என்ன அவசரம்" என்றே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குக் கல்யாண எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராகக் கேட்பதில் தப்பே இல்லை. வேலைக்குப் போவது, எந்த ஊரில் இருப்பது, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக் கடன், நகை, சீர், எல்லாவற்றையும் நீங்கள் இரண்டு பேரும் முதலில் பேசியிருக்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்த பிறகு அங்கே வைத்து "எனக்குத் தெரியாதுங்க" என்று விழிக்கக் கூடாது.

அவருடைய நண்பர்களைப் பாருங்கள். அவர் வேலை பார்க்கிற இடம் உண்மையா என்று பாருங்கள். ஊருக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், வீட்டுக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை. முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால், விவாகரத்து ஆகியிருந்தால், அதற்கான காகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் கூட்டம், அதாவது சாதிக்குள் இருக்கிற குலப் பிரிவு. இரண்டு பேரும் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்து, இரண்டு பேருமே ஆந்தை கூட்டமோ காடை கூட்டமோ என்று வந்துவிட்டால், ஆப் எல்லாம் சின்ன விஷயம் ஆகிவிடும். பங்காளி முறை, அண்ணன் தங்கச்சி என்று சொல்லிவிடுவார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆனால் வீட்டில் எந்தக் கேள்வி எழும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் பதில் சொல்ல முடியும். ஜாதகமும் அப்படித்தான். எப்படியும் கேட்பார்கள். பொருத்தம் இல்லை என்று வந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே இரண்டு பேரும் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறந்த நேரத்தை மாற்றி ஜாதகம் எழுதி வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம், அது பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை மொத்தமாகப் போய்விடும்.

யாரிடம், எப்போது, எப்படி

பலரும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நீங்களே அப்பாகிட்ட சொல்லிருங்கம்மா என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். "உனக்கு முன்னமே தெரியும், மறைச்சிருக்கற" என்று மொத்தக் கோபமும் அந்த அம்மா மேல் இறங்கும். அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கோ மறுநாளோ அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கட்டும், அது போதும்.

வீட்டில் யாருடைய பேச்சு எடுபடும் என்று யோசியுங்கள். சில வீடுகளில் தாய்மாமன். சில வீடுகளில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மறுபேச்சு பேசமாட்டார். அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நங்கையா (அண்ணி) புரிந்துகொள்வார், அவரும் அதே வயசுதானே. அவர்களில் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அப்பாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்கிற நிலைமையை உண்டாக்கிவிடாதீர்கள். கடைசியாகத் தெரிந்துகொண்டோம் என்கிற அவமானம் சில அப்பாக்களுக்கு விஷயத்தைவிடப் பெரிசாக வலிக்கும்.

நோம்பிக்கு (பண்டிகைக்கு) சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது சொல்லாதீர்கள். மஞ்சள் விலை விழுந்து, தறிக்கு ஆர்டர் இல்லாமல் அவர் நொந்துபோயிருக்கிற வாரத்திலும் வேண்டாம். போனில் சொல்லவே கூடாது. பொழுதோட, பால் ஊற்றி முடித்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நேரம் பாருங்கள்.

சொல்லும்போது ஆப்பில் தொடங்காதீர்கள், ஆளில் தொடங்குங்கள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குதுங்க. ஊரு பெருந்துறை. அவங்க அப்பா சொசைட்டில கணக்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவருங்க. அவரு கோயமுத்தூர்ல வேலை பாக்கறாரு. போன்ல ஒரு ஆப் மூலமாத்தான் பழக்கம், ஏழெட்டு மாசமாப் பேசறோம். நீங்க விசாரிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் பேசலாமுங்க." இவ்வளவுதான். பேர், ஊர், அப்பா பேர், வேலை பார்க்கிற இடம், எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். விசாரித்துப் பாருங்கள் என்கிற அந்த வார்த்தைக்கு நம் ஊர் அப்பாக்களிடம் நிறைய மதிப்பு உண்டு. ஒளிக்க எதுவும் இல்லை என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், கையில் ஒரு வேலையும் கிடைத்துவிடும்.

"ஏங்கண்ணு, இத்தன நாளா எங்ககிட்ட ஒரு பழமை (பேச்சு) சொல்லலையே" என்று அம்மா அழுவார். அழட்டும். அதற்கு வாதம் பண்ண வேண்டாம். "போன்ல பாத்தவன எப்படி நம்பறது?" என்று அப்பா கேட்பார். நான் நம்புறேன், போதும் என்று எடுத்தெறிந்து பேசாமல், நேரில் எத்தனை தடவை பார்த்தீர்கள், அவர் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும், நீங்கள் என்னென்ன சரிபார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "ஊர்ல நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?" என்பது எப்படியும் வரும். உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் என் எண்ணம். ஆபீஸ் பிரெண்ட், காலேஜ் பிரெண்ட் என்று கதை கட்டினால் அந்தக் கதையைக் காலத்துக்கும் காப்பாற்ற வேண்டும், அந்தப் பக்கம் அவர்கள் வேறு கதை சொல்லியிருந்தால் நிச்சயதார்த்தத்து அன்றைக்கே கிழிந்துவிடும். அப்பா தன் வாயால் "நெட்டுல வந்த வரன்" என்று சொல்லிக்கொண்டால் சொல்லட்டும், அது பொய்யும் இல்லை. ஆனால் உங்களுக்குப் பின்னால் வருகிற சித்தி மகளும் அத்தை மகனும் உங்களைத் தனியாகக் கேட்கும்போது ஒளிக்காதீர்கள். நம் பக்கத்தில் ஆப்பில் பார்த்துக் கல்யாணம் பண்ணி நன்றாக இருக்கிறவர்கள் எல்லாரும் அதை மறைத்துவிட்டு, கெட்டுப்போன கதைகள் மட்டும் வெளியே வருவதால்தான் அந்தப் பெயருக்கே இப்படி ஒரு வாடை அடிக்கிறது.

முதல் நாள் இல்லை என்றால் அது கடைசி இல்லை. ஒரு மாசம், இரண்டு மாசம் கொடுங்கள். வீட்டுக்கு வருவதை நிறுத்தாதீர்கள், பேச்சை முறிக்காதீர்கள்.

சாதி வேறாக இருந்தால்

மேலே சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சாதி வேறு, அதிலும் ஒருவர் பட்டியல் சாதி என்றால், அப்பா கோபம் ஆப் மேல் இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது சாதிதான். 2015ல் திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக ஒரு தலித் இளைஞரைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், கல்யாணமான ஜோடியை வெட்டினார்கள், கணவர் இறந்துபோனார். இரண்டு வழக்கிலும் தண்டனை விழுந்தது, போன உயிர் வரவில்லை. இதை எழுதுவது பயமுறுத்துவதற்காக இல்லை. நம் மண்ணில் நடந்தது, தெரிந்து வைத்துக்கொண்டு நடங்கள்.

இந்த மாதிரிச் செய்தி வந்தபோது உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "இப்படியா பண்ணுவாங்க, பாவம்" என்றார்களா, "வேற என்ன பண்ணச் சொல்ற" என்றார்களா? இரண்டாவது என்றால் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற யோசனையே வேண்டாம். முதலில் சர்டிஃபிகேட், ஆதார், பாஸ்போர்ட், பாங்க் புத்தகம் எல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். நம்பகமான ஒரு வக்கீலைப் பாருங்கள். வயசு வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எஸ்.பி., மாவட்ட சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் இருக்கிற சிறப்புப் பிரிவு மாவட்டம்தோறும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் அங்கே எழுத்தில் மனு கொடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

இரண்டு பேரும் இந்து என்றால் எந்தச் சாதியாக இருந்தாலும் இந்து திருமணச் சட்டத்திலேயே கல்யாணம் செய்யலாம். தமிழ்நாட்டில் 1967ல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணத்துக்கு ஐயர் வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். மதம் வேறு என்றால் 1954ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதை அலுவலகத்தில் ஒட்டி வைப்பார்கள். ஊர்க்காரர் யாராவது பார்த்தால் செய்தி வீட்டுக்குப் போய்விடும், அதனால் இரண்டு பேரில் ஒருவர் குறைந்தது 30 நாள் தங்கியிருக்கிற வேறு மாவட்டத்தில் கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் நிரந்தரமாகக் குடியிருக்கிற மாவட்டத்து அலுவலகத்துக்கும் நோட்டீஸின் நகலை அனுப்பி ஒட்டச் சொல்வார்கள், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா இதைப் படித்தால்

போனைப் பிடுங்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். வயசு வந்த பிள்ளையைப் பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகிவிட்டால் முடிவு அவர்களுடையது. அவசர அவசரமாக வேறு இடத்தில் நிச்சயம் பண்ணி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. உங்களிடம் வந்து சொன்னதே உங்கள் மேல் இருக்கிற மரியாதையில்தான். போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள். விசாரியுங்கள். அப்புறம் ஒரு தடவை நேரில் பாருங்கள், வீட்டுக்குக் கூப்பிட மனசு வராவிட்டால் வெளியே ஒரு ஓட்டலில் காபி குடிக்கலாம்.

பேசி முடிந்ததும்

வெற்றிலை பாக்கு மாற்றியதும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் கணக்கு போகாது, புரொஃபைல் அப்படியே இருக்கும், உங்கள் மாமனார் ஊர்ப் பையன் யாராவது அதைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புவான். செட்டிங்ஸுக்குள் போய்க் கணக்கையே அழியுங்கள், மாசக் கட்டணம் தானாகக் கழிகிறதா என்றும் பார்த்து நிறுத்துங்கள். கூடவே அப்பா மேட்ரிமோனியில் போட்டு வைத்த பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். தரகருக்கும் ஒரு போன் போட்டு, குரூப்பில் சுற்றுகிற ஜாதகத்தை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.